கர்நாடக இசைக்குத் தட்டா, கோப்பா? ஒலிப்பதிவு வடிவத் தேர்வு குறித்து ஓர் ஆய்வு

ஒலிப்பதிவான இசை கேட்பவரிடம் இரு வகையில் வந்து சேர்கிறது. இசைத்தட்டு, கேசட், குறுந்தகடு என அலமாரியில் எடுத்து வைக்கும் பொருளாக வருவது ஒன்று. கணினிக் கோப்பாகவோ இணைய இசைச் சேவையாகவோ வருவது மற்றொன்று. குறுந்தகட்டில் இருப்பதும் எண்மியப் பதிவே ஆதலால் தொழில்நுட்ப நோக்கில் இப்பாகுபாடு கறாரானதன்று. ஆயினும் பதிவு கேட்பவர் வசம் இருக்கிறதா, ஒரு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறதா என்ற வேறுபாடு தெளிவானது. இவற்றில் எதைத் தேர்வது என்ற விவாதம் பெரும்பாலும் ஒலித்தரத்தைச் சுற்றியே நடக்கிறது. கர்நாடக இசையைப் பொறுத்தவரை இத்தேர்வில் ஒலித்தரத்துக்கு எடை குறைவு. பதிவின் கால அளவு, அதனோடு சேர்ந்து வரும் தகவல், அது யார் கைவசம் இருக்கிறது என்னும் மூன்றுமே முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கால அளவிலிருந்து தொடங்கலாம். கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் இந்தியக் கலைஞர்களைப் பதிவு செய்தார். அக்காலத்தின் 10 அங்குலத் தட்டு ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 3 நிமிடமும், 12 அங்குலத் தட்டு 4 நிமிடத்துக்குச் சற்று மேலும் இடம் தந்தன. ஓர் இராகத்தை மணிக்கணக்கில் விரிக்கும் மரபுக்கு இது கடுமையான கட்டுப்பாடு. சங்கதிகள் குறைந்தன, நிரவல் விடைபெற்றது, ஆலாபனை இரண்டொரு பிடிகளாகச் சுருங்கியது. கச்சேரி மேடையில் தோடியைப் பொழுது போவது தெரியாமல் விரித்த நாகசுரக் கலைஞர் டி.என். இராஜரத்தினம் பிள்ளையும் இசைத்தட்டில் சில நிமிடங்களுக்குள் அதை நிறைவு செய்ய வேண்டியிருந்தது. இந்த நெருக்கடியிலிருந்து ஒரு தனி அழகு பிறந்தது என்பதையும் சொல்லவேண்டும். இராகத்தின் உயிரான பிரயோகங்களை முதல் சில நொடிகளிலேயே நிறுத்திக் காட்டும் திறன் அன்றைய தட்டுகளில் கேட்பதுபோல் பின்னர் அரிதாகவே கேட்கக் கிடைக்கிறது.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட எல்.பி. தட்டு ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் கொடுத்தது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் எல்.பி.யாக வெளிவந்தது. 4 நிமிடத் துண்டுகளாக நறுக்கியிருந்தால் அப்பதிவின் ஓட்டமே நிலைத்திருக்காது. அதே 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகம் செய்தது. 60, 90 நிமிட நாடாக்கள் 1980களில் ஊர்தோறும் பரவியபோது, சபாக்களின் நேரடிப் பதிவுகள் சாதாரணக் குடும்பங்களின் கைக்கு எட்டின. 1982இல் வந்த குறுந்தகடு 74 நிமிடம் கொள்ளும். இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு அதுவும் இரண்டு மூன்று தேவைப்பட்டது. கணினிக் கோப்புக்கு இத்தகைய எல்லை எதுவும் இல்லை. வர்ணத்தில் தொடங்கி மங்களம் வரை இடைவெட்டு இன்றிக் கேட்கும் வாய்ப்பைப் பரவலாகத் தந்தது கணினிக் கோப்பே. இந்த ஒரு நன்மைக்காகவே அதை வரவேற்க வேண்டும்.

ஆனால் இணையச் சேவைகள் இந்த நன்மையை முழுதாகப் பயன்படுத்துவதில்லை. அவற்றின் அடிப்படை அலகு தனிப்பாடல். திரைப்பாடலுக்கு அது பொருந்தும். ஓர் இராகத்தின் ஆலாபனை, அதன் தானம், பல்லவி, தனியாவர்த்தனம் ஆகியவை நான்கு தனித் துண்டுகளாகப் பிரிந்து, கலைத்துப் போடும் வசதியின் பிடியில் சிக்கினால், பல்லவி முதலிலும் ஆலாபனை பிறிதொரு நாளிலும் ஒலிக்கும். அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் நிலைபெறச் செய்த கச்சேரிப் பத்ததியில் உருப்படிகளின் வரிசையும் இசையின் பகுதியே. மேலை இசையுலகிலும் இக்குறை உணரப்பட்டது. பாடகி அடெலின் வேண்டுகோளை ஏற்று ஸ்பாட்டிஃபை 2021 நவம்பரில் ஆல்பங்களை வரிசைப்படி ஒலிக்கச் செய்யும் பொத்தானை முன்னிலைப்படுத்தியது. தட்டும் குறுந்தகடும் இதற்கென எந்த ஏற்பாடும் இல்லாமலே வரிசையைக் காத்து வந்தன.

ஒலித்தரம் பற்றிய வாதத்தைச் சுருக்கமாகவே பார்க்கலாம். குறுந்தகடு ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகளை, ஒவ்வொன்றும் 16 பிட் அளவில், பதிகிறது. ஒலி அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்கு மேல் மாதிரி எடுத்தால் அந்த ஒலியை முழுமையாக மீட்டுவிடலாம் என்பது கணித முடிவு. மனிதச் செவியின் மேல் எல்லையாகிய 20 கிலோஹெர்ட்ஸ் இதில் அடங்கிவிடுகிறது. 2007இல் மேயர், மோரன் இருவரும் வெளியிட்ட சோதனையில், உயர்தெளிவுப் பதிவையும் அதையே குறுந்தகட்டுத் தரத்துக்கு இறக்கிய வடிவத்தையும் கேட்பவர்கள் வேறுபடுத்த முயன்றனர். 554 முயற்சிகளில் சரியாக அமைந்தவை 276 மட்டுமே. நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் கிடைத்திருக்கும் விடை இது. 2016இல் ஜோஷுவா ரீஸ் இத்தகைய 18 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, வேறுபாட்டை உணரும் திறன் மிகச் சிறிய அளவில் உண்டு என்றும், பயிற்சி பெற்றவரிடம் அது கணிசமாகக் கூடுதல் என்றும் கண்டார். இந்தச் சிறு வேறுபாட்டை முன்வைத்து ஒரு வீட்டின் இசைச் சேகரத்தை அமைப்பது பொருத்தமன்று.

எல்.பி. தட்டின் ஒலி இயல்பானது, முற்றிலும் எண்மியக் கலப்பற்றது என்ற நம்பிக்கையும் ஆய்வுக்கு நிற்பதில்லை. தட்டின் மையத்தை நெருங்க நெருங்கச் சுழற்சியின் நீளம் குறைவதால் ஒலித் திரிபு கூடுகிறது. இன்று அச்சாகும் எல்.பி.க்கள் பலவற்றின் மூலமும் எண்மியப் பதிவே. அனலாக் தூய்மைக்குப் பெயர் பெற்ற அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனமே தன் தட்டுகள் பலவற்றின் தயாரிப்பில் எண்மியப் படி ஒன்றைப் பயன்படுத்தியது 2022இல் வெளிப்பட்டது. மறுபுறம், எம்பி3 போன்ற இழப்புள்ள சுருக்கம் குறைந்த பிட் வீதத்தில் மிருதங்கத்துக்கும் கஞ்சிராவுக்கும் தீங்கு செய்கிறது. கூர்மையான தட்டல் ஒலிக்கு ஒரு கணம் முன்னரே அதன் சிதறல் கேட்கும் ‘முன் எதிரொலி’ இம்முறையின் அறியப்பட்ட குறை. 320 கிலோபிட் அளவில் இக்குறை பெரும்பாலோர்க்குப் புலப்படாது.

இவற்றையெல்லாம்விட இசையை ஆழமாகப் பாதிப்பது, பழைய பதிவு எண்மியமாக மாற்றப்பட்ட விதம். ‘78 சுற்று’ எனப்படும் தட்டுகள் அனைத்தும் நிமிடத்துக்குச் சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல; தொடக்க காலத் தட்டுகளின் வேகம் பல அளவில் வேறுபட்டது. 74 சுற்றில் பதிவான தட்டை 78இல் ஓடவிட்டால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை உயர்ந்துவிடும். ஒன்றரைக் கட்டையில் பாடியவர் இரண்டு கட்டையில் பாடியதாகத் தோன்றும்; காலப்பிரமாணம் விரைவுபடும்; நிதானமான கமகம் அவசரமாக ஒலிக்கும். மேலை இசையில் இப்பிழையைக் கண்டுபிடிப்பது ஓரளவு எளிது. வாத்தியக் குழுவின் சுருதி ஏறத்தாழ ஒரு பொது அளவில் நிற்பதால், பதிவு விலகியிருந்தால் தெரிந்துவிடும். கர்நாடக இசையில் பாடுபவரின் குரலுக்கு ஏற்பவே சுருதி அமைகிறது. பின்னணியில் ஆர்மோனியம் ஒலித்தால் ஒரு துப்புக் கிடைக்கலாம். தம்புரா மட்டும் எனில் அதுவும் இல்லை. தவறான வேகத்தில் மாற்றிய கோப்பு, கேட்பவருக்கு எந்த ஐயமும் தராமல், ஒரு கலைஞரைப் பற்றிய பிழையான சான்றாக நிலைத்துவிடுகிறது.

வீணை தனம்மாளின் வாசிப்புக்கு எஞ்சியிருக்கும் சான்று சில இசைத்தட்டுகளே. அத்தகையோர் விஷயத்தில் இப்பிழையின் விளைவு பெரிது. இரைச்சல் நீக்கமும் இவ்வாறே: அளவு மீறினால் தட்டின் கீறல் ஒலியோடு தம்புராவின் மேல் சுரங்களும் வீணை மீட்டின் ஓய்ந்துவரும் நாதமும் கரைந்துபோகும். மூலத்தட்டு கையில் இருந்தால் மீண்டும் ஓடவிட்டுத் திருத்தலாம். கோப்பு மட்டுமே எஞ்சினால் இழந்த நாதத்தை மீட்க வழியில்லை. ஆகவே ஆய்வாளருக்கு மூலத்தட்டு எண்மியப் படியின் பழைய வடிவமாக மட்டும் இருப்பதில்லை. அந்தப் படியைச் சரிபார்க்கும் ஆவணமாகவும் இருக்கிறது.

அடுத்தது, பதிவோடு வரும் தகவல். இசைத்தட்டின் ஒட்டுச்சீட்டிலும் எல்.பி. உறையின் பின்புறத்திலும் இராகம், தாளம், சாகித்திய கர்த்தா, பக்கவாத்தியக் கலைஞர்கள், தட்டின் எண் ஆகியவை இருப்பது வழக்கம். இணையச் சேவைகளின் கட்டமைப்பு கலைஞர், ஆல்பம், பாடல் என்ற மூன்றைச் சுற்றி அமைந்தது. தியாகராஜரின் கீர்த்தனைகளை மட்டும் தேடிக் கேட்கவோ, பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசித்த கச்சேரிகளை மட்டும் பிரித்தெடுக்கவோ அதில் நம்பகமான வழி கிடையாது. பல தலைமுறைக்கு முந்தைய பதிவின் அருகே மறுவெளியீட்டு ஆண்டு மட்டும் தோன்றுவதும் உண்டு. ஒரு கலைஞரின் குரல் வளர்ந்த வரலாற்றை அப்பட்டியலிலிருந்து எழுத முடியாது. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் 2011இல் தொடங்கிய ‘காம்ப்மியூசிக்’ ஆய்வுத் திட்டம் கர்நாடக இசைத் தரவுத் தொகுப்பை வணிக வெளியீடான குறுந்தகடுகளை முதன்மையாகக் கொண்டு உருவாக்கியது. கணினிவழி ஆய்வுக்கே அட்டையில் அச்சான இராகமும் தாளமும் தேவைப்பட்டன என்பது கருதத் தக்கது.

மூன்றாவது, உடைமை. இணையச் சேவைக்குக் கட்டணம் செலுத்துபவர் இசையை வாங்குவதில்லை. கேட்கும் அனுமதியை மட்டும் பெறுகிறார். அந்த அனுமதி, அவருக்குத் தொடர்பே இல்லாத இரு நிறுவனங்களின் ஒப்பந்தத்தைச் சார்ந்தது. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. பழைய எச்.எம்.வி. பதிவுகளின் உரிமையைக் கொண்ட சரிகம நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்படாமல், அதே ஆண்டு ஏப்ரலில் அந்நிறுவனப் பதிவுகளை நீக்கவேண்டி வந்தது. 2020இல் ஒப்பந்தம் முடிந்த பிறகே அவை திரும்பின. இடைப்பட்ட ஓராண்டில் அச்சேவையை மட்டும் நம்பியிருந்தவருக்குத் தென்னிந்திய ஒலிப்பதிவு வரலாற்றின் மிகப் பெரிய கருவூலம் பூட்டப்பட்டிருந்தது. ஏர்டெல்லின் விங்க் மியூசிக் 2024இல் மூடப்பட்டது. மைஸ்பேஸ் தளத்தில் 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட இசை, வழங்கிகளை மாற்றும்போது அழிந்துவிட்டதாக 2019இல் தெரியவந்தது.

ஆனால் பொருள் வடிவமும் அழிவற்றதன்று. அரக்காலான 78 சுற்றுத் தட்டு கைதவறினால் உடையும். கடற்கரை நகரங்களின் ஈரக்காற்றில் கேசட் நாடாவில் பூசணம் படரும். பழைய நாடாக்கள் சிலவற்றின் பூச்சே பிசுபிசுத்து உதிரும். வீட்டில் எழுதிய குறுந்தகடு, ஆலையில் அச்சான குறுந்தகட்டைவிட விரைவில் கெடும். டேப்ரிக்கார்டர் பழுது பார்ப்பவர் இன்று எளிதில் அகப்படுவதில்லை. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகத்தில் பற்றிய தீயில் மூல நாடாக்கள் ஏராளமாக எரிந்தன. ஒரே பிரதியாக ஓரிடத்தில் இருக்கும் எதுவும், தட்டானாலும் கோப்பானாலும், அழியும் நிலையிலேயே இருக்கிறது.

ஆகவே தேர்வு, கேட்பவரின் தேவையைப் பொறுத்து அமைய வேண்டும். புதிய கலைஞரை அறிமுகம் செய்துகொள்ளவும், ஓர் இராகத்தைப் பத்துப்பேர் பாடியதை ஒருசேரக் கேட்கவும் இணையச் சேவைக்கு இணை இல்லை. இசை பயிலும் மாணவருக்கு இது முந்தைய தலைமுறை காணாத வசதி. அதைக் குறைத்துப் பேசுவது நியாயமன்று. தேடவும் தெரிவு செய்யவும் விரும்பாத முதியவருக்கு, 2017இல் சரிகம வெளியிட்ட கேரவான் போல, 5,000 பாடல்களைத் தன்னுள்ளே கொண்ட பெட்டி போதுமானது. இணைப்பு அறுந்தாலும் அது பாடும்.

வாழ்நாள் முழுவதும் கேட்க விரும்பும் பதிவுகளுக்கு வாடகை அனுமதி போதாது. அவற்றைக் குறுந்தகடாகவோ, இழப்பில்லாத எஃப்எல்ஏசி கோப்பாகவோ விலைக்கு வாங்கிச் சொந்தமாக வைத்துக்கொள்வதே சரி. குறுந்தகட்டுத் தரத்தில் 1 மணி நேர இசை ஏறத்தாழ 635 மெகாபைட். இழப்பில்லாச் சுருக்கத்தில் அது சுமார் பாதியாகும். 1 டெராபைட் வன்தட்டு ஒன்றில் இவ்வாறு 3,000 மணி நேரம் அடங்கும். இன்னொரு வன்தட்டில் படியெடுத்து வேறு வீட்டில் வைப்பதும் கடினமன்று. உறையின் இரு புறத்தையும் படமெடுத்து அதே கோப்புறையில் சேர்த்தால் தகவலும் காக்கப்படும். புதிதாக அச்சாகும் எல்.பி.யை அதன் உறை ஓவியத்துக்காகவும், பக்கம் திருப்பி அமர்ந்து கேட்கும் ஒழுங்குக்காகவும் வாங்குவதில் பொருள் உண்டு. ஒலி மேம்பட்டது என்பதற்காக வாங்குவதில் இல்லை.

மறுவெளியீடு காணாத 78 சுற்றுத் தட்டுகளும் சபாக்களின் பழைய ஒலிநாடாக்களும் தனி வகை. இவற்றில் பலவற்றுக்கு மாற்று வடிவம் இணையத்திலும் இல்லை, கடையிலும் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டை அடுத்துவரும் 60 ஆண்டுகளோடு முடிகிறது. பெரும்பாலான 78 சுற்றுத் தட்டுகள் அந்த எல்லையைக் கடந்துவிட்டன. எனவே அவற்றை எண்மியமாக்கிப் பகிர ஒலிப்பதிவு உரிமை இன்று பெரும் தடையாக இல்லை. தட்டுகள் பழைய பொருள் கடைக்குப் போய்விடாமல் இருப்பதே முதல் தேவை. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் சம்பிரதாயா ஆவணக் காப்பகமும் இத்தகைய பதிவுகளைத் திரட்டிப் பாதுகாத்து வருகின்றன. வீட்டில் இவை இருப்போர் எறிவதற்கு முன் இந்நிறுவனங்களை அணுக வேண்டும். படியெடுக்கும் முயற்சியைத் தாமே மேற்கொள்வோர், சுழல்வேகத்தையும் தட்டின் எண்ணையும் தவறாமல் குறித்து வைக்க வேண்டும்.