யாருடைய மஜ்ஜை?

1958 அக்டோபர் 15ஆம் நாள், யூகோஸ்லாவியாவில் வின்ச்சா என்னுமிடத்து ஆய்வு அணு உலை கட்டுமீறியது. ஆறு பேர் கடுங் கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அணு உலைப் பாடத்தில் நாங்கள் இவ்விபத்தோடு நிறுத்திக்கொள்வோம். எஞ்சிய கதை மருத்துவ வரலாற்றில் இருக்கிறது. பாரிஸில் ஜார்ஜ் மாத்தே என்ற மருத்துவர் அவர்களுள் ஐவருக்கு உறவல்லாத பிறரின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தினார். ஒருவர் இறந்தார்; மற்றவர்கள் பிழைத்தனர்.

மஜ்ஜை எதற்கு என்று கேட்பீர்கள். இரத்த அணுக்கள் யாவும் அங்குள்ள ஸ்டெம் செல் எனப்படும் மூல உயிரணுக்களிலிருந்தே பிறக்கின்றன. இரத்தப் புற்றுநோயில் இந்த ஊற்றே கெடுகிறது. கெட்டதை மருந்தாலும் கதிர்வீச்சாலும் அழித்து, வேறொருவரின் ஊற்றை அங்கே குடியேற்ற வேண்டும். அந்த வேறொருவர் யார்?

1963இல் மாத்தே 26 வயது நோயாளி ஒருவருக்கு ஆறு உறவினரின் மஜ்ஜையைச் சேர்த்தே செலுத்தினார். எது பொருந்தும் எனக் கண்டறிய அன்று வழியில்லை. உடலே தேர்ந்துகொள்ளட்டும் என்ற துணிச்சல்! ஒருவருடையது மட்டும் வேரூன்றியது. நோயாளி ஏறத்தாழ 20 மாதங்கள் வாழ்ந்தார்.

பொருத்தம் பார்க்கும் வழியும் பாரிஸிலேயே தொடங்கியது. உயிரணுக்களின் மேலுள்ள எச்.எல்.ஏ. அடையாளங்களுள் முதலாவதை 1958இல் ழான் தோசே கண்டறிந்தார். இவற்றுள் ஒரு பாதி தந்தையிடமிருந்தும் மறுபாதி தாயிடமிருந்தும் வருகின்றன. ஆகவே உடன்பிறந்தார் ஒருவர் முழுதும் பொருந்த வாய்ப்பு நான்கில் ஒன்றே. மூவர் இருந்தால் அவர்களுள் ஒருவரேனும் பொருந்த 58 விழுக்காடு. ஒருவரே என்றால் 25. குடும்பம் சிறுத்தால் வாய்ப்பும் சிறுக்கிறது.

ஒரே கருவில் தோன்றிய இரட்டையர்தாம் மிகச் சிறந்த கொடையாளர் அல்லவா? இல்லை! அவர்களிடமிருந்து பெற்றால் நோய் திரும்பி வருவது மிகுதி. கொடையாளரின் வெள்ளணுக்கள் எஞ்சிய புற்றணுக்களை அயலாரெனக் கண்டு வேட்டையாட வேண்டும். இரட்டையரின் அணுக்களுக்கு அந்த வேற்றுமை புலப்படுவதில்லை. பகை மிகுந்தாலோ, அதே வெள்ளணுக்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கும்.

உறவில் பொருந்தாதவர்களுக்காக 1974இல் இலண்டனில் ஒரு தாய் தன் மகனுக்கெனக் கொடையாளர் பதிவேடு தொடங்கினார். மகன் ஆந்தனி நோலன் 1979இல் கொடையாளர் கிடைக்காமலே இறந்தான். இன்று உலகப் பதிவேடுகளில் நான்கு கோடிப் பேர் உள்ளனர். ஆனால், அமெரிக்காவில் 2014இல் கணக்கிட்டபோது ஐரோப்பிய வழியினருக்கு 75 விழுக்காடாக இருந்த வாய்ப்பு, கறுப்பர்களுள் சில பிரிவினருக்கு 20ஐக்கூட எட்டவில்லை.

1988இல், மீண்டும் பாரிஸில், எலியான் குளுக்மன் தொப்புள்கொடி இரத்தத்தைப் பயன்படுத்தினார். அதற்குப் பொருத்தம் சற்றுக் குறைந்தாலும் போதும். ஆனால் ஒரு கொடியிலுள்ள அணுக்கள் சிறுவருக்குப் போதும். வளர்ந்தவரின் உடல் எடைக்குப் போதா. இரண்டு கொடிகளைச் சேர்த்தும் பார்த்தனர்.

பெற்றோரும் பிள்ளைகளும் எப்போதும் பாதி பொருந்துவர். ஆபத்தென்று ஒதுக்கப்பட்டிருந்த அவர்களைப் பழைய மருந்தொன்று கொடையாளராக்கியது. பால்டிமோர் நகர ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், மஜ்ஜை செலுத்திய 3, 4ஆம் நாள்களில் சைக்ளோபாஸ்பமைடு கொடுத்தனர். பகை கொண்ட வெள்ளணுக்கள் அப்போதுதான் விரைந்து பெருகும், பெருகுபவை மடிகின்றன. மூல உயிரணுக்களோ அம்மருந்தைச் சிதைக்கும் நொதியால் தப்புகின்றன. 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இரட்டைத் தொப்புள்கொடி பெற்றவர்களுள் 46 விழுக்காட்டினரும் பாதிப் பொருத்தக் கொடை பெற்றவர்களுள் 57 விழுக்காட்டினரும் ஈராண்டு கழித்து உயிரோடிருந்தனர்.

கொடையாளரின் வயதும் இப்போது கணக்கில் வருகிறது. 60 வயது நோயாளிக்கு முழுதும் பொருந்தும் 62 வயது அண்ணனா, பாதி பொருந்தும் 25 வயது மகளா? மருத்துவர்கள் இதைத்தான் இன்று வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.