பெண்களுக்கென ஒரு பல்கலைக்கழகம்

"டீச்சர், பொம்புளப் புள்ளகளுக்கு மட்டும் ஒரு கம்பஸ் இல்லையா?"

கற்பிட்டிப் பக்கம் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கும் என்னிடம், வெட்டுப்புள்ளி வந்த வாரத்தில் ஒரு வாப்பா கேட்டது இது. மகளுக்கு ஒலுவில் கிடைத்திருந்தது. நம் நாட்டு அரச பல்கலைக்கழகங்களில் அப்படியொன்று இல்லை என்றேன். "இந்தியாவில் இரிக்கிதாமே?" என்றார். இருக்கிறதுதான். ஆனால் அது வந்த வழி வேறு.

துணைக்கண்டத்தின் முதலாவது மகளிர் பல்கலைக்கழகம் 1916இல் பூனாவில் தொடங்கியது. தொடங்கியவர் கணித ஆசிரியரான தோண்டோ கேசவ கார்வே. மனைவி மௌத்தான பின் 1893இல் ஒரு விதவையை மணந்து, சொந்த ஊராரால் ஒதுக்கப்பட்டவர். 1896இல் விதவைகளுக்கு ஒரு இல்லம் திறந்தார். தோக்கியோவில் 1901இல் தோன்றிய ஜப்பான் மகளிர் பல்கலைக்கழகம் பற்றிய சிறுநூலொன்று எப்போதோ கைக்கு வந்து, ஒதுக்கி வைத்திருந்தாராம். அதைப் பிறகு எடுத்து வாசித்ததில்தான் எண்ணம் பிறந்தது. முதல் வகுப்பில் இருந்த மாணவியர் ஐந்தே பேர்.

பாட ஒழுங்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மற்றப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்த காலம். இங்கோ தாய்மொழியில் படிப்பு. ஆங்கிலம் ஒரு கட்டாய பாடம் மட்டும். மனையியலும் சுகாதாரமும் பட்டப் பாடங்களாயின. கல்லூரிக்கு வர முடியாதவர்கள் வீட்டிலிருந்து படித்துப் பரீட்சை எழுதவும் வழி இருந்தது. 1920இல் விட்டல்தாஸ் தாக்கர்சி 15 இலட்சம் ரூபாய் கொடுக்க, அவருடைய தாயார் நாதிபாயின் பெயர் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. 1936இல் தலைமையிடம் பம்பாய்க்கு மாறியது. சட்டபூர்வப் பல்கலைக்கழகம் ஆனதோ 1951இல்தான். 35 வருடம்! அதுவரை பட்டம் வாங்கிய பெண்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

நம்மவர்கள் போன வழி இன்னொன்று. அலிகாரில் ஷெய்கு அப்துல்லாஹ்வும் மனைவி வஹீத் ஜஹானும் 1906இல் தொடங்கிய பெண்கள் பள்ளி, பிறகு அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே மகளிர் கல்லூரியாக வளர்ந்தது. தனிக் கல்லூரி, பொதுப் பட்டம். 1920இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தரே ஒரு பெண், போபால் பேகம் சுல்தான் ஜஹான் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? எனக்குக் கேட்டால் இந்த வழியே நல்லது.

தமிழ்நாட்டில் கொடைக்கானல் அன்னை தெரேசா மகளிர் பல்கலைக்கழகம் 1984இல் தனிச் சட்டத்தால் வந்தது. கோயம்புத்தூர் அவினாசிலிங்கம், 1957இல் மனையியல் கல்லூரியாகப் பிறந்து 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது.

இலங்கையில் 1942இல் பல்கலைக்கழகம் வந்தபோதே இருபாலாருக்கும் ஒரே விரிவுரை மண்டபம். தனியாக இருந்தது விடுதி மட்டும். 1945இலிருந்து இலவசக் கல்வி. அனுமதியில் இன்று பெண்களே அதிகம். புத்தளம், கல்வியில் பின்தங்கிய மாவட்டப் பட்டியலிலும் இருக்கிறது. அதனால் நம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம். அந்த இடத்தை எடுக்காமல் விட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும்.

இதைத்தான் அந்த வாப்பாவிடமும் சொன்னேன். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1996இல் வந்த கதையையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "ஹொஸ்டல்ல பொம்புள வாடன் இரிப்பாங்களா?"

அடுத்த மாதம் மகளும் உம்மாவும் புத்தளத்தில் பஸ் ஏறினார்கள்.