ஏழு வருஷம் மறக்காத நட்பு

நடுவர் அவர்களே! எதிரணி அம்மையார், "துன்பம்னு வந்தா பெத்த வயிறுதானே பதறும்?" என்று கேட்டார்கள். பதறும். இல்லேன்னு யார் சொன்னா? பாதி உலகம் தாண்டிப் போய்ச் சிறையிலிருந்து மீட்டுக்கிட்டு வந்தது யாருன்னுதான் நான் கேக்கறேன்.

ஜான் பாயில் ஓ'ரெய்லி. அயர்லாந்துக்காரன். ஆங்கிலேயர் பட்டாளத்திலே குதிரைப்படை வீரன். அங்கே இருந்துகொண்டே, அயர்லாந்து விடுதலைக்காகப் போராடிய ஃபீனியன் இயக்கத்துக்கு ஆள் சேர்த்தான். சும்மா விடுவானா வெள்ளைக்காரன்? 1866இல் மரண தண்டனை. அப்புறம் மனசு இரங்கி 20 வருஷமாகக் குறைத்தார்கள். நல்ல இரக்கம்! பையனுக்கு அப்போ வயசு 22.

1867 அக்டோபரில் 'ஹூகுமான்ட்' கப்பல் கிளம்பியது. 280 கைதிகள்; அதிலே 62 பேர் ஃபீனியன்கள். அந்தக் கப்பலுக்குள்ளேயும் 'காட்டு வாத்து'ன்னு ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினாங்க, ஏழு இதழ்! 1868 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டில். கைதிகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியா போன கடைசிக் கப்பல் அதுதான்.

1869இல் ஓ'ரெய்லி தப்பினான். ஒரு பாதிரியார் உதவினார். ஏற்றிக்கொள்வதாகச் சொன்ன கப்பல் கண்ணெதிரே நிற்காமல் போய்விட்டது. வேறொரு திமிங்கில வேட்டைக் கப்பல் ஏற்றிக்கொண்டது. அமெரிக்கா போய்ப் பத்திரிகை ஆசிரியரானான்.

அப்பாடான்னு உக்காந்தானா? அதே ஆண்டு மற்றவர்களுக்கு மன்னிப்பு வர ஆரம்பித்தது. பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் இல்லை. 1874இல் சிறையிலிருந்து ஒரு கடிதம் நியூயார்க்கில் ஜான் டெவாய் கைக்கு வந்தது. பட்டாளத்துக்குள்ளே இயக்கத்தை வளர்த்ததே அந்த டெவாய்தான். 'நாம இழுத்துவிட்ட பிள்ளைங்களாச்சே'ன்னு மனசு அறுக்காதா? யோசனை சொன்னவன் ஓ'ரெய்லி: திமிங்கில வேட்டைக் கப்பல் ஒண்ணு வாங்குங்க, சந்தேகம் வராது!

வசூல் பண்ணி 'கட்டால்பா' வாங்கினார்கள். 1875இல் புறப்பட்டது. முன்னதாகவே ப்ரெஸ்லின் என்பவர் பெரிய பணக்காரர் வேஷத்தில் ஃப்ரீமேண்டில் போனார். அதிகாரிகளே கூட்டிக்கிட்டுப் போய் ஜெயிலைச் சுத்திக் காட்டினாங்கய்யா! 1876 ஏப்ரலில் ஆறு பேர் தப்பிப் படகேறி, ராத்திரி முழுக்கப் புயலில் தத்தளித்துக் கப்பலைப் பிடித்தார்கள். துரத்தி வந்த நீராவிக் கப்பல் பீரங்கி சுட்டது. கேப்டன் அந்தோனி அமெரிக்கக் கொடியைக் காட்டினார். சுட்டவன் திரும்பிப் போனான். ஆகஸ்டில் ஆறு பேரும் நியூயார்க் சேர்ந்தார்கள்.

அந்த ஆறு பேருக்கும் டெவாய் என்ன முறை வேணும்? மாமனா, மச்சானா? எதிரணி எழுந்து சொல்லட்டும், நான் உட்கார்ந்துக்கறேன்.