இல்லாமையும் தடையும்: 451இன் வரலாறு

இணைய வழங்கி தரும் 404 என்னும் குறியீடு, கேட்ட பக்கம் கிடைக்கவில்லை என்கிறது; 403, அனுமதி மறுக்கப்பட்டது என்கிறது. அரசாணையால் தடுக்கப்பட்ட பக்கமும் இவ்விரண்டின் பின்னே மறைந்துபோகலாம்.

இக்குறையைப் போக்கவே 2012இல் டிம் பிரே 451ஐ முன்மொழிந்தார். 2016 பிப்ரவரியில் அது ஆர்எஃப்சி 7725 என வெளியாயிற்று. சட்டக் காரணங்களால் தரவியலாது என்பது அதன் பொருள். நூல்களை எரிக்கும் சமூகத்தைச் சித்திரித்த ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953) நாவலை நினைவுறுத்தும் எண் அது.

தடை கோரியவர் யாரென்பதையும் பதிலில் குறிப்பிடுமாறு அவ்வாவணம் பரிந்துரைக்கிறது. ஆயினும் வலியுறுத்தும் அதிகாரம் அதற்கில்லை. இந்தியாவிலோ, 2009ஆம் ஆண்டுத் தடுப்பு விதிகளுள் 16ஆவது, தடைக் கோரிக்கைகளை இரகசியமாகக் காக்கச் சொல்கிறது.

எனவே, 404ஐக் காணும் ஆய்வாளர் அதனை 'இருந்ததே இல்லை' என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது.