கோலார் தங்கவயல்

கோலார் தங்கவயல் கர்நாடக மாநிலத்தின் கோலார் மாவட்டத்தில் உள்ள முன்னாள் சுரங்க ஊர். பெங்களூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில், ஆந்திர எல்லைக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் அருகில் இருக்கிறது. நிலம் கர்நாடகத்தினுடையது என்றாலும் ஊரின் பேச்சுமொழி பெரும்பாலும் தமிழ். 1880 முதல் 2001 வரை இங்கே வெட்டியெடுத்த பொன் சுமார் 800 டன் என்று கணக்கிடப்படுகிறது. அதை எடுத்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த ஏழைத் தமிழர்களும் தெலுங்கர்களும். அதிலும் தலித் மக்களே மிகுதி. ஊரின் வரலாறு கம்பனிகளின் பெயராலும் கப்டன்களின் பெயராலுமே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. உண்மையில் அது இந்தத் தொழிலாளர்களின் வரலாறு.

நிலம்

கடல்மட்டத்திலிருந்து 850 மீற்றர் அளவு உயர்ந்த, மழை குறைந்த மேட்டுநிலம் இது. பாலாறு அருகே ஓடுகிறது. ஊருக்கும் சுரங்கங்களுக்கும் வேண்டிய நீர் அந்த ஆற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது.

பொன் இருந்த பாறைப்பட்டை வடக்குத் தெற்காக சுமார் 80 கிலோமீற்றர் நீளமும் சில கிலோமீற்றர் அகலமும் கொண்டது. அதன் வயது ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகள். சுற்றிலும் கிரனைட். நடுவே கரும்பச்சை எரிமலைப் பாறை உருமாறிக் கிடக்கிறது. அதற்குள் வெள்ளைப் படிகக்கல் நரம்பு நரம்பாக ஊடுருவியிருக்கிறது. பொன் அந்தப் படிகத்தில் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகக் கலந்திருந்தது. நரம்புகளில் வளமானதற்குச் 'சாம்பியன்' என்று பெயர். அது மேற்கு நோக்கிச் சரிந்து மிக ஆழத்துக்கு இறங்கியதால் சுரங்கமும் அதைத் தொடர்ந்து இறங்கியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் இறுதியில் 3.2 கிலோமீற்றர் ஆழத்தைத் தொட்டது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக அது நெடுங்காலம் பேசப்பட்டது. இலங்கையின் பிதுருதலாகல மலையை அப்படியே உள்ளே இறக்கினாலும் அதன் உச்சிக்கு மேல் அரைக் கிலோமீற்றருக்கு அதிகமான வெற்றிடம் இருக்கும். அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும்.

கம்பனிக்கு முன்

ஆங்கிலேயர் வருமுன்னரும் இங்கே பொன் எடுத்தார்கள். பழைய குழிகளில் கிடைத்த மரத்துண்டுகளைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியபோது, அவை கி.பி. முதலாம் ஆயிரவாண்டைச் சேர்ந்தவை எனத் தெரியவந்தது. கோலார் நகரம் கங்க மன்னரின் குவளாலபுரம். பிறகு அது சோழர் வசமானது. திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூரின் கிழக்கெல்லையை அளக்க வந்த ஜோன் வாரன் என்ற படை அதிகாரி, மாரிக்குப்பம், ஊர்காம் பக்கத்து மக்கள் மண்ணைக் கழுவிப் பொன்துகள் எடுப்பதை 1802இல் நேரில் பார்த்து எழுதிவைத்தார். ஆக, 'கண்டுபிடிப்பு' என்று சொல்லப்படுவது கிராமத்தவர் ஏற்கெனவே அறிந்திருந்த ஒன்றுதான்.

வாரனின் குறிப்பைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு படித்தவர் மைக்கேல் லாவெல். நியூசிலாந்துப் போரில் பணியாற்றி ஓய்வுபெற்றுப் பெங்களூரில் குடியிருந்த ஐரிஷ் படைவீரர் அவர். 1873இல் மைசூர் அரசிடம் விண்ணப்பித்து, 1875இல் 20 ஆண்டு உரிமம் பெற்றார். முதல் போதாமல் உரிமம் கைமாறியது. 1880இல் இலண்டனின் ஜோன் டெய்லர் அன் சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்றது. முதலில் செலவழித்த பணமெல்லாம் வீணாகி, மைசூர்ச் சுரங்கத்தை மூடிவிடும் நிலை வந்தது. 1880களின் நடுவில் சாம்பியன் நரம்பு தட்டுப்பட்ட பிறகுதான் நிலைமை மாறியது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க் என்ற நான்கு பெரிய சுரங்கங்களும் அதன்பின் இலாபம் குவித்தன. 1905இல் உற்பத்தி 19 டன் அளவை எட்டியது.

பாறை துளைப்பதைக் கற்றுக்கொடுக்கவும் மேற்பார்க்கவும் கம்பனி இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தது. அங்கே காம்பார்ன், ரெட்ரூத் போன்ற ஊர்களில் வெள்ளீயச் சுரங்கங்கள் நொடித்துக்கொண்டிருந்த காலம் அது. வேலையிழந்த கோர்னிஷ் சுரங்கத்தார் உலகெங்கும் சிதறினர், அவர்களில் ஒரு பகுதியினர் இங்கு வந்தனர். இத்தாலியர், ஆங்கிலோ இந்தியர், பஞ்சாபிக் காவலர் ஆகியோரும் வந்து சேர்ந்தனர். பங்களா, கிளப், கோல்ப் மைதானம், மாதா கோவில் என மேட்டுநிலத்தில் ஒரு சின்ன இங்கிலாந்து எழுந்தது.

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரையான புகையிரதப் பாதை 1890களில் போடப்பட்டது. 1902இல் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து சுமார் 147 கிலோமீற்றர் தூரத்துக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்கடத்தல் பாதைகளில் அது ஒன்று. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். மின்சாரம் முதலில் போனது ஊர்மக்களின் வீட்டுக்கு அல்ல, சுரங்க இயந்திரத்துக்கு. இதைச் சொல்லாமல் 'மின்னொளி பெற்ற முதல் ஊர்களில் ஒன்று' என்று மட்டும் புகழ்வது அரைகுறைச் செய்தி.

லைன் வீடும் சுரங்கக் குழியும்

தொழிலாளர்கள் குடியிருந்தது மூங்கில் தட்டியால் அடைத்த வரிசைக் குடிசைகளில். பிறகு அவை ஒற்றையறை லைன் வீடுகளாயின. நமது மலையகத்து லயங்களை அறிந்தவருக்கு இந்த அமைப்பை விளக்க வேண்டியதில்லை. அங்கே கங்காணி செய்த ஆள்சேர்ப்பை இங்கே கொன்றாக்டர் செய்தார். காலமும் ஏறத்தாழ ஒன்றே, ஆட்கள் கிளம்பிவந்த வறண்ட ஊர்ப்பகுதிகளிலும் ஒற்றுமை உண்டு. ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். தங்கவயலுக்குப் போனவர் நினைத்தபோது நடந்தாவது சொந்த ஊர் திரும்ப முடிந்தது. நெருக்கடி வந்தால் கூட்டமாக வேலையை விட்டுப் போய்விடும் வாய்ப்பு அவர்களின் கையில் ஓர் ஆயுதமாகவும் இருந்தது. நடுவில் கடலைக் கொண்ட நம் மலையகத் தொழிலாளருக்கு அது அவ்வளவு எளிதாக வாய்க்கவில்லை.

சங்கு ஊதினால் ஷிப்டு மாறும். கேஜ் எனப்படும் இரும்புக் கூண்டில் ஆட்கள் இறங்குவார்கள். ஆழம் கூடக் கூட மேலேயுள்ள பாறையின் பாரம் தாங்காமல் சுவர்ப் பாறை திடீரென வெடித்துச் சிதறும். தங்கவயலில் இந்தப் பாறை வெடிப்பால் பலர் மாண்டனர். அதன் அதிர்ச்சியை மேலே வீடுகளில் இருந்தவர்களும் உணர்வார்கள். யார் வீட்டு ஆள் கீழே இருக்கிறார் என்று அந்தக் கணத்தில் எல்லாக் குடும்பமும் பதறும். இந்த ஆபத்தைப் புரிந்துகொள்ளவேண்டிய தேவையிலிருந்துதான் 1988இல் இங்கே தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் பிறந்தது.

மற்றொரு சாவு மெதுவாக வந்தது. படிகக்கல்லைத் துளைக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூள் நுரையீரலில் படிந்து, மூச்சை அடைத்து, காசநோய்க்கும் வழி திறக்கும். இந்தியாவில் சிலிக்கோசிஸ் நோய் முதன்முதலாக 1947இல் இந்தச் சுரங்கங்களிலிருந்தே மருத்துவ ஏடுகளில் பதிவானது. அதற்கு முந்திய அறுபது ஆண்டுகளிலும் அதே தூளை மனிதர் சுவாசித்துக்கொண்டிருந்தனர்.

அச்சும் சங்கமும்

தங்கவயல் பற்றிய பெரும்பாலான குறிப்புகள் தவறவிடும் பகுதி இது. ஊரின் வரலாற்றில் மிகப் பெறுமதியானதும் இதுவே.

சித்த மருத்துவரும் பத்திரிகையாளருமான அயோத்திதாச பண்டிதர் 1898இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஒல்கொட்டுடன் கொழும்புக்கு வந்தார். மாளிகாகந்தையில் வித்தியோதயப் பிரிவெனாவின் தலைவரான ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்று பௌத்தரானார். சென்னை திரும்பி அவர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மிக வலிமையான கிளை மாரிக்குப்பத்தில் அமைந்தது. பகலும் இரவும் பாறை உடைத்தவர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு சேர்த்துச் சங்கத்தை வளர்த்தார்கள். பண்டிதர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' வார இதழை வாங்கிப் படித்தார்கள், எழுதினார்கள். 1914இல் அவர் மறைந்தபின் சாம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை அவருடைய நூல்களைத் தொடர்ந்து வெளியிட்டது. ஜி. அப்பாதுரையார் 1920களில் 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்தார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதி, தாங்களே அச்சிட்டு, தாங்களே விற்ற இடம் இது. கொழும்புத் தமிழர் பலர் தினமும் கடந்துபோகும் மருதானைப் பக்கத்து மாளிகாகந்தை விகாரைக்கு இந்தக் கதையில் இத்தனை பெரிய இடம் இருப்பது நம்மிடையே மிகக் குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது.

அந்தத் தன்மதிப்பு வேலைநிறுத்தங்களிலும் தெரிந்தது. 1930இல் கம்பனி எல்லாத் தொழிலாளரின் கைரேகையையும் எடுத்துப் பதிய முயன்றது. குற்றவாளிக்குச் செய்வதைத் தமக்குச் செய்வதா என்று ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். தலைமைதாங்க முறையான தொழிற்சங்கம் எதுவும் இல்லாமலே மூன்று வாரம் போராடி அந்தத் திட்டத்தை முறியடித்தனர். 1940களில் கம்யூனிஸ்ட் தொழிற்சங்கம் வேரூன்றியது. கே.எஸ். வாசன் அதன் முன்னணித் தலைவர். 1946 நவம்பர் 4ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் 6 தொழிலாளர் இறந்தனர். ஆண்டுதோறும் அந்த நாளில் தங்கவயலில் அஞ்சலி செலுத்தப்படுகிறது. பின்னர் சட்டமன்றத்துக்கு இவ்வூர் கம்யூனிஸ்டுகளையும் குடியரசுக் கட்சியினரையும் அ.தி.மு.க.வினரையும் அனுப்பியது. கர்நாடகத்தில் இது அபூர்வமான தொகுதி.

பூமிக்கடியில் ஓர் ஆய்வுகூடம்

விண்ணிலிருந்து வரும் கதிர்களை வடிகட்டத் தடித்த பாறைக்கூரை வேண்டும். பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து அறிவியலாளர்கள், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து சாம்பியன் ரீஃபில் 2.3 கிலோமீற்றர் ஆழத்தில் கருவிகளை அமைத்தனர். வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோத் துகளின் தடயத்தை 1965இல் அங்கே பதிவுசெய்தனர். தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அதே ஆண்டு இது கிட்டியது. புரோத்தன் சிதைவைத் தேடும் சோதனை 1980களில் நடந்தது. சுரங்கம் முழுவதும் மூடப்படுமுன்பே, 1990களில், ஆய்வு நின்றது.

மூடுதல்

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. இலங்கையின் காரீயச் சுரங்கங்கள் அரசின் கைக்கு வந்ததற்கு (1971) பதினைந்து ஆண்டுகள் முந்திய நிகழ்வு இது. 1962இல் பொறுப்பு மத்திய அரசுக்கு மாறியது. 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவானது. அதற்குள் வளமான பாறை தீர்ந்துகொண்டிருந்தது. ஒரு டன் கல்லில் 3 கிராம் அளவுக்குத்தான் பொன் கிடைத்தது. அதை எடுக்க மூன்று கிலோமீற்றர் ஆழத்தில் குளிர்காற்று ஊதவும் நீர் இறைக்கவும் வேண்டியிருந்தது. 2001 பெப்ரவரி 28ஆம் திகதி சுரங்கம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தனர். நீர் இறைப்பது நின்றதும் குழிகளில் வெள்ளம் நிரம்பியது.

இப்போது ஊரின் அடையாளம் சயனைட் மேடுகள். பொன்னைப் பிரித்தபின் கொட்டிய சாம்பல்நிறக் கழிவுமண் 13 குன்றுகளாக, ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. அளவு சுமார் 3.3 கோடி டன். காற்று வீசும் மாதங்களில் அந்தத் தூள் வீட்டுக்குள் வருகிறது. திரைப்படக்காரர்கள் இந்த மேடுகளை விரும்புகிறார்கள். 2018இல் வந்த 'கே.ஜி.எஃப்' கன்னடப் படம் ஊரின் பெயரை உலகெங்கும் கொண்டுபோனது, ஆனால் அதில் வரும் ஊர் கற்பனை ஊர். பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' (2024) தொடக்ககாலத் தொழிலாளரின் பக்கம் நின்று கதை சொல்ல முயன்றது.

2011 கணக்கெடுப்பின்படி நகரில் சுமார் 1.6 இலட்சம் பேர் வாழ்ந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர்கோட்டுத் தெருக்களுடன் அமைக்கப்பட்ட ரொபர்ட்சன்பேட்டையும் ஆண்டர்சன்பேட்டையும் கடைவீதிகளாக உயிரோடிருக்கின்றன. 1964இல் தொடங்கிய பெமல் மண்வாரி இயந்திரத் தொழிற்சாலை ஒரு பகுதியினருக்கு வேலை தருகிறது. மற்றவர்களில் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் மாரிக்குப்பம் புகையிரதத்தில் ஏறிப் பெங்களூருக்குக் கூலிக்கும் உத்தியோகத்துக்கும் போய், இரவு திரும்புகிறார்கள். கழிவு மேடுகளில் எஞ்சிய பொன்னை மீண்டும் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தெரிவித்தது. அதில் உள்ளூராருக்கு எத்தனை வேலை, லைன் வீடுகளின் உரிமைப் பத்திரம் யாருக்கு என்ற கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகே எந்த இயந்திரமும் அங்கே இறங்கவேண்டும்.

கோர்ன்வாலின் கைவிடப்பட்ட சுரங்க ஊர்களை யுனெஸ்கோ 2006இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்த ஊரார் வந்து வேலைபார்த்த தங்கவயலுக்கு அத்தகைய இடம் இல்லை. தொழிலாளர் அச்சிட்ட சிறுநூல்களும் இதழ்களும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் பிரதிகள் கொழும்பிலோ சென்னையிலோ எவர் வீட்டுப் பழைய பெட்டியிலாவது இருந்தால், பழைய கடதாசிக் கடைக்குப் போடாமல் ஒரு நூலகத்தில் ஒப்படையுங்கள்.