பூனைகளுக்கு இன்சுலின் இடல்

பூனைகளுக்கு இன்சுலின் இடல் என்பது நீரிழிவு நோயுள்ள வளர்ப்புப் பூனைக்கு வீட்டிலேயே இன்சுலின் செலுத்தும் முறையாகும். கால்நடை மருத்துவர் குறித்த அளவு, வழக்கமாக 12 மணி நேரத்திற்கு ஒருமுறை, தோலுக்கடியில் செலுத்தப்படும். பூனை உண்ணாத வேளையில் மருத்துவரைக் கேட்காமல் ஊசி இடலாகாது.

இந்தியாவில் மில்லிலிட்டருக்கு 40 அலகு, 100 அலகு ஆகிய செறிவுகளில் இன்சுலின் கிடைக்கிறது. 40 அலகு ஊசிக்குழலின் மூடி சிவப்பு நிறமும், 100 அலகுக்குரியது செம்மஞ்சள் நிறமும் உடையன. 100 அலகு மருந்தை 40 அலகுக் குழலில் அதே எண்வரை எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உட்செல்லும். இதனால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து வலிப்பும் இறப்பும் நேரலாம். தள்ளாட்டம் தோன்றின் ஈறில் தேன் அல்லது குளுக்கோசு தடவி, உடனே மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

காரைக்குடி உள்ளிட்ட செட்டிநாட்டு ஊர்களின் கோடை வெப்பத்தில் இன்சுலின் வீரியம் இழக்கக்கூடும். ஆகவே அதனை உறையவிடாது, குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்தல் வேண்டும்.