ஊதியப் பற்றுகை

ஊதியப் பற்றுகை (வழக்கில் சம்பள ஜப்தி) என்பது, பணம் செலுத்துமாறு உரிமையியல் நீதிமன்றம் பிறப்பித்த தீர்ப்பாணையை நிறைவேற்றும் பொருட்டு, கடனாளியின் சம்பளத்தில் ஒரு பகுதியை அதை வழங்கும் அலுவலரிடமிருந்தே பெறும் நடைமுறை ஆகும். இந்தியாவில் இது உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், 1908 இன் 60 ஆம் பிரிவு, 21 ஆம் கட்டளையின் 48, 48-அ விதிகள் ஆகியவற்றின்படி நடைபெறுகிறது. போடிநாயக்கனூர் போன்ற எல்லை நகரங்களில் கடனாளியின் வீடு தமிழ்நாட்டிலும், வேலையோ ஏலத்தோட்டமோ கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலும் இருப்பதுண்டு. அந்நிலையில் கூடுதல் படிகள் தேவைப்படுகின்றன.

பற்றக்கூடிய தொகை

மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கும் பற்றுகைக்கு உட்படா. விலக்களிக்கப்பட்ட படிகள் நீங்கலாக 25,000 ரூபாய் பெறுபவரிடம், 24,000 ரூபாயில் மூன்றில் ஒரு பங்கான 8,000 ரூபாயை மட்டுமே பிடிக்கலாம். ஒரே தீர்ப்பாணைக்காக மொத்தம் 24 மாதங்கள் பிடித்தம் செய்தபின், அத்தீர்ப்பாணையைப் பொறுத்தவரை சம்பளம் முற்றிலும் விடுபடும். எனவே மேற்கண்டவர் 10 இலட்சம் ரூபாய்க்குக் கட்டுப்பட்டிருந்தாலும், அதே சம்பளம் நீடித்தால், பற்றுகை மூலம் பெறக்கூடியது 1,92,000 ரூபாயே. மீதிக் கடன் மறைவதில்லை. பிற சொத்துக்களின் மீது 12 ஆண்டுக் காலவரையறைக்குள் நிறைவேற்று மனுச் செய்யலாம். வாழ்க்கைப்பொருளுதவி (ஜீவனாம்சம்) தீர்ப்பாணைக்கு இவ்வரம்புகள் பொருந்தா. அங்கு சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே காக்கப்படும்.

பற்றமுடியாதவை

* தொழிலாளர், வீட்டுப் பணியாளர் ஆகியோரின் கூலி. போடிமெட்டு வழியாக ஜீப்புகளில் மலையேறிக் காய் பறிக்கும் கூலியாட்களின் கூலி இதில் அடங்கும்.
* வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, அரசு ஓய்வூதியம்.
* உடை, சமையல் பாத்திரங்கள், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் வேளாண் கருவிகள்.
* உழவரோ தொழிலாளரோ தாமே குடியிருக்கும் சொந்த வீடு. அவ்வீட்டை ஈடாக வைத்துப் பெற்ற கடனுக்கு இது பொருந்தாது.

இப்பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் ஒப்பந்தம் செல்லாது.

மாநில எல்லை

அரசு ஊழியரின் சம்பளத்தை, வழங்கும் அலுவலர் எங்கிருந்தாலும் பற்றலாம். தனியார் ஊழியராயின், வழங்கும் அலுவலர் அந்நீதிமன்ற எல்லைக்குள் இருத்தல் வேண்டும். ஆகவே இடுக்கியில் சம்பளம் வழங்கப்படும் தோட்ட எழுத்தரைப் பொறுத்து, தேனி மாவட்டத் தீர்ப்பாணையை 39 ஆம் பிரிவின்படி அங்குள்ள நீதிமன்றத்துக்கு மாற்ற வேண்டும். அங்குள்ள நிலத்தை விற்பதற்கும் இதுவே முறை.

கடனாளிக்குள்ள வழிகள்

* ஒருதலைத் தீர்ப்பாயின், அதை நீக்கக் கோரி 30 நாட்களுக்குள் மனுச் செய்யலாம். அழைப்பாணை முறைப்படி சார்பு செய்யப்படாதிருந்தால், தீர்ப்பு தெரிய வந்த நாளிலிருந்து இக்காலம் கணக்கிடப்படும்.
* மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீடு மட்டும் நிறைவேற்றத்தை நிறுத்தாது; தடையாணை தனியே பெற வேண்டும்.
* தீர்ப்பாணைதாரர் இசைந்தால் தவணை முறையில் செலுத்த ஆணை பெறலாம்.
* மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் காணலாம். அதன் தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை.
* மாகாண நொடிப்புச் சட்டம், 1920 இன்படி தம்மை நொடித்தவராக அறிவிக்கக் கோரலாம். இதுவே பேச்சு வழக்கில் "மஞ்சள் நோட்டீஸ்" எனப்படுகிறது. மனுத் தாக்கல் செய்த அளவில் கடன் தீர்ந்துவிடாது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் உறவினர் பெயருக்கு மாற்றிய சொத்துக்களின் மாற்றத்தையும் நீதிமன்றம் நீக்கக்கூடும். மோசடியால் ஏற்பட்ட கடனிலிருந்து விடுதலை கிடைக்காது.

நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்தால், அதை 30 நாட்களுக்குள் நீதிமன்றத்தில் பதிவு செய்யக் கோர வேண்டும். பதிவாகாத தொகையை நிறைவேற்று நீதிமன்றம் கணக்கில் கொள்ளாது. கையில் வெறும் ரசீது வைத்திருப்பவர் மீண்டும் செலுத்த நேரிடலாம்.

உரிமையியல் சிறை

5,000 ரூபாய்க்கு மேற்பட்ட தீர்ப்பாணைக்கு மூன்று மாதங்கள் வரை சிறை வைக்கலாம். பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்களைக் கைது செய்யக்கூடாது. வறுமையால் செலுத்த இயலாதவரைச் சிறையிடலாகாது என்றும், வசதியிருந்தும் செலுத்த மறுக்கும் தீய நோக்கம் காட்டப்பட வேண்டும் என்றும் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் கொச்சின் வங்கி வழக்கில் (1980) உச்ச நீதிமன்றம் கூறியது. சிறையிலிருந்து விடுவிக்கப்படுவதால் கடன் தீர்வதில்லை.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குறைந்த வருமானமுடையோர் ஆகியோர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மூலம் இலவசமாக வழக்கறிஞர் உதவி பெறலாம்.